ஒரு சொட்டுத் தண்ணி கூட ஊத்தாதீங்க!

பங்குனி உத்திரம். காலை வெயில் அப்பவே சுள்ளுன்னு ஏறிடுச்சு. கோத்தா திங்கி ஆத்தங்கரையிலேருந்து காவடி கிளம்பியாச்சு. உருமி மேளம் அடிக்கிற அடியில கடைவரிசைக் கதவெல்லாம் கிடுகிடுங்குது.

நான் மஞ்சப் புடவையில இருந்தேன். ஆத்துல முழுகி எழுந்த தலைமுடிய அப்படியே விரிச்சு விட்டிருந்தேன். கால்ல செருப்பு இல்ல. வீட்டுக்காரர் காவடி எடுக்கிறாரு. எலுமிச்சம்பழம் போதலன்னு கூட்டத்துக்கு முன்னாடியே கடைக்கு ஓடி வந்திருந்தேன்.

பழத்தைப் பையில போடுறப்பதான் அந்த வாடை வந்துச்சு.

சாம்பிராணி, கற்பூரம், மல்லிகைப்பூ எல்லாத்தையும் தள்ளிக்கிட்டு மூக்குக்குள்ள ஏறுற காரம். எத்தனையோ வருஷமா எனக்குச் சோறு போடுற வாடை அது. மத்தவங்களுக்கு என்னமோ கருகுதுன்னு தோணும். எனக்கு அது என்னன்னு உடனே தெரிஞ்சு போச்சு.

திரும்பிப் பார்த்தா, முச்சந்தியில ஒரு லாரி நிக்குது. அதோட பின்பக்கத்துலேருந்து வெள்ளைப் புகை வழிஞ்சு, ரோட்டை ஒட்டியே ஊர்ந்து போகுது. டிரைவர் ஜமால் பாய் இறங்கி, மூக்கைத் துண்டால பொத்திக்கிட்டு, போன்ல பேசிக்கிட்டே காத்துக்கு எதிர்ப்பக்கமா ஓடுறாரு.

லாரியைத் தாண்டி, கோயிலுக்கு ஏறுற மேட்டுல, தங்கவேலு அண்ணன் பெரிய பைப்பைத் தோள்ல தூக்கிட்டாரு.

"தீ! தீ! டேய், டாங்கியத் திறங்கடா! தண்ணிய அடிங்க!"

என் கையிலிருந்த பழமெல்லாம் உருண்டு ஓடுது. நான் கத்துனேன்: "அண்ணே! வேணாம்ண்ணே! ஒரு சொட்டுத் தண்ணி கூட ஊத்தாதீங்க!"

தண்ணிக்கு ஆகாதவன்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோமதி. பொறந்தது சாஆங்கிற ஊரு, வேலை பாசிர் கூடாங் பக்கம். கெமிக்கல் லாரி ஒழுகினா, டிரம் வெடிச்சா, கிடங்கு தீப்பிடிச்சா, எல்லாரும் வெளிய ஓடுறப்ப உள்ள ஓடுற கூட்டத்துல நானும் ஒருத்தி. எங்க கம்பெனி லாரிங்க ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி. ஜமால் பாயும் எங்க ஆளுதான். ரொம்ப நிதானமான மனுசன். அவரே ஓடுறாருன்னா விஷயம் பெருசு.

அந்த லாரியில ஒழுகுன டிரம்முல இருந்தது குளோரோசல்ஃபோனிக் ஆசிட். பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கும். எங்க டிரைவருங்க அதை "கோவக்காரன்"னு கூப்பிடுவாங்க. தண்ணியக் கண்டா அவனுக்கு ஆகாது. தண்ணி பட்டா கொதிச்சுத் தெறிப்பான், அமிலப் புகையா பொங்கிக் கிளம்புவான். அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போச்சுன்னா உள்ளயே வெந்து போகும். காத்துல ஈரம் இருந்தாலே புகைய ஆரம்பிச்சுடுவான். நம்ம ஜொகூர்ல காத்து எந்தக் காலத்துல காஞ்சிருக்கு, நீங்களே சொல்லுங்க!

சரி, தங்கவேலு அண்ணன் கையில எதுக்கு அவ்வளவு பெரிய பைப்பு? காவடிக்கு முன்னாடி ரோட்டைக் குளிர வைக்கிறது நம்ம பழக்கமாச்சே. தார் ரோட்டுல வெறுங்கால்ல நடக்கிறவங்களுக்குக் கால் கொப்பளிச்சுடும். அதனால அண்ணன் வருஷா வருஷம் ஒரு லாரியில தண்ணி டாங்கியை ஏத்தி, ஊர்வலத்துக்கு முன்னாடி அடிச்சுக்கிட்டே போவாரு. "பைப்பு தங்கவேலு"ன்னாதான் ஊருக்கே தெரியும். அது போதாதுன்னு ரெண்டு பக்கமும் வீட்டு வாசல்ல வாளி, குடம், பிளாஸ்டிக் தொட்டின்னு மஞ்சத் தண்ணியோட சனம் காத்திருக்கும். காவடி வந்தா கால்ல ஊத்துவாங்க. புண்ணியம்.

ஊர் முழுக்கத் தண்ணியை வச்சுக்கிட்டு நிக்கிற ஒரே நாள் அது. கோவக்காரன் ஒழுகுறதுக்கு அந்த நாளையா பார்க்கணும்?

நடந்தது இதுதான். ஊர்வலத்துக்காக ரோட்டை மூடியிருந்தாங்க. மாத்துப்பாதைன்னு யாரோ கையைக் காட்ட, ஜமால் பாய் தப்பான ரோட்டுல திரும்பிட்டாரு. முச்சந்தியில ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்க வர, பிரேக்கை அமுக்கிட்டாரு. கட்டியிருந்த பெல்ட் ஒண்ணு நழுவி டிரம் சாஞ்சு அடிபட்டுடுச்சு. ஒரே ஒரு டிரம்தான். ஆனா அது நின்னது கோயிலுக்கும் காவடிக்கும் நடுவுல.

மேட்டுல அண்ணன் ஏற்கனவே அடிச்சிருந்த தண்ணி ரோட்டோரமா நெளிஞ்சு நெளிஞ்சு லாரியைப் பார்த்து இறங்கி வந்துக்கிட்டிருந்துச்சு.

இழுப்புக்காரரோட வேண்டுதல்

நான் பதறுனதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. என் வீட்டுக்காரர் மணியத்துக்கு மூச்சு இழுப்பு. ஸ்கூல் பஸ் ஓட்டுறாரு. சட்டைப் பையில எப்பவும் இழுப்பு மருந்து இருக்கும். பக்கத்து வீட்டுல மிளகாய் வறுத்தாலே இவருக்கு நெஞ்சு விசிலடிக்கும். அந்த மனுசன் நாக்குல வேல் குத்திக்கிட்டு, தோள்ல காவடியோட, சட்டையும் இல்லாம மருந்தும் இல்லாம, நேரா அந்தப் புகையைப் பார்த்து வந்துக்கிட்டிருக்காரு. கிளம்புன காவடியைத் திருப்ப மாட்டாங்க. இறக்கவும் மாட்டாங்க. கோயில் வாசல்லதான் இறக்கணும்.

அவர் காவடி எடுக்க ஆரம்பிச்சதே என்னாலதான்.

சில வருஷத்துக்கு முந்தி ஒரு கிடங்குல கூரை ஒழுகி, மழைத் தண்ணி இதே ஆசிட் டிரம் மேல சொட்டிடுச்சு. டிரம் அரிச்சு, கசிஞ்சது அடியில இருந்த மரப்பலகை மேல பட்டு, பலகை கருகிப் பத்திக்கிச்சு. தீயும் இருக்கு, தண்ணியும் அடிக்க முடியாது. அன்னிக்குத் தீயணைக்க வந்த பொம்பா அதிகாரி ஒரு மலாய்க்காரர், பதட்டமே இல்ல. வந்ததும் தன் ஆளுங்களுக்கு முதல்ல சொன்னதே, டிரம் மேல தண்ணி படக்கூடாதுங்கிறதுதான். காஞ்ச பவுடரை அடிச்சுத் தீயை அமுக்கி, நாங்க உடம்பு முழுக்க மூடுன உடுப்போட உள்ள போயி, காஞ்ச மணலைக் கொட்டி மூடுனோம். புகையை அமுக்கறதுக்கு மட்டும், தள்ளி நின்னு சாரல் மாதிரி அடிச்சாங்க.

நான் உள்ள போன சேதி தெரிஞ்சு வீட்டுக்காரர் பஸ்ஸை ஓரங்கட்டிட்டு கேட்டுக்கு வெளிய நின்னிருக்காரு. ரொம்ப நேரம். நான் நடந்து வெளிய வந்தப்ப, அந்த மனுசன் என் முகத்தைப் பார்க்கல. என் காலைத்தான் பார்த்தாரு. பார்த்துட்டு அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு.

மறுநாள் சொன்னாரு: "நீ எந்த வேலைக்குப் போனாலும் உன் சொந்தக் கால்ல நடந்து திரும்பி வரணும். அதுக்கு வருஷா வருஷம் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"முருகனுக்கு கெமிஸ்ட்ரி தெரியுமாக்கும்?"ன்னு நான் கிண்டல் பண்ணினேன்.

"உனக்குத் தெரியும்ல. முருகனுக்கு உன்னைத் தெரியும். போதும் லா"ன்னுட்டாரு.

சாமி வந்துருச்சு!

முச்சந்திக்கு வருவோம். நான் லாரிக்கும் தண்ணி டாங்கிக்கும் நடுவுல, புகை வராத பக்கமா போயி ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டேன்.

தங்கவேலு அண்ணனுக்கு கோவம். "கோமதி, ஓரமா போம்மா! காவடி வருது, ரோடு எரியுதுங்கிறேன்! எத்தனை வருஷமா இந்த ரோட்டுக்குத் தண்ணி அடிக்கிறேன், எனக்கே சொல்லித் தர்றியா? உன் ஆபீஸ் வேலையை ஆபீஸ்ல வச்சுக்க."

"அண்ணே, இது தீ இல்லண்ணே, ஆசிட்டு! தண்ணி பட்டா ஊரே புகையாயிடும்!"

மேளச் சத்தத்துல அவருக்கு என்ன கேட்டுச்சோ! பைப்பு வாயை லாரி பக்கமே திருப்புறாரு. இந்தப் பக்கம் ரெண்டு பொம்பளைங்க வாளியோட ஓடி வர்றாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல உடம்பெல்லாம் நடுங்குது. கண்ணுல காரம் ஏறி தண்ணியா கொட்டுது. தலைமுடி முகத்துல விழுது. மரியாதையெல்லாம் பறந்து போச்சு.

"ஊத்தாதே! ஊத்தாதேங்கிறேன்! ஒரு சொட்டு ஊத்துனே, இங்க ஒரு உயிர் மிஞ்சாது!"

ஒரு நொடி எல்லாரும் அப்படியே நின்னாங்க. அப்புறம் கூட்டத்துல ஒரு அம்மா குரல்: "ஐயையோ, சாமி வந்துருச்சு!"

அட கடவுளே, அலமாக்!

மஞ்சப் புடவை, விரிச்ச முடி, நடுக்கம், கண்ணுல தண்ணி. அவங்க மேல என்ன தப்பு? ஊர்வலத்துக்கு முன்னாடி வந்துக்கிட்டிருந்த உருமிக்காரப் பயலுங்க, சாமி வந்தா அடிக்கிற அடியை எடுத்துட்டானுங்க. ஒரு அத்தை வேப்பிலையும் மஞ்சத் தண்ணிச் செம்புமா, என்னைக் குளிர வைக்கக் கிட்டயே வந்துட்டாங்க.

"அதை எடுத்துட்டுப் போ!"ன்னு நான் அலறுனேன்.

"மஞ்சத் தண்ணி வேணாமாம்! ஆத்தா ஏத்துக்க மாட்டேங்கிறா!" அத்தை செம்போட பின்னாடி நகர்ந்தாங்க. அவங்களைப் பார்த்து வாளிங்க எல்லாம் கீழ இறங்கிச்சு.

தங்கவேலு அண்ணன் டாங்கியைச் சட்டுன்னு மூடிட்டு, பைப்பைப் போட்டுட்டு, என் கால்ல விழுந்துட்டாரு. "தாயே, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்?"

நான் சாமின்னு சொல்லல. இல்லைன்னும் சொல்லல. அதுக்கெல்லாம் நேரம் எங்க இருந்துச்சு?

"மேளத்தை நிறுத்து. காவடி, பால்குடம் எல்லாத்தையும் கடைக்குப் பின்னால இருக்கிற ரோட்டுல திருப்பு. அந்தப் புகை கிட்ட ஒரு கால் போகக் கூடாது."

மேளம் நின்னுச்சு. கூட்டம் திரும்புச்சு. தொண்டை கிழியக் கத்துன கோமதி சொன்னதைக் கேக்காத சனம், ஆத்தா சொன்னதும் ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி வரிசையா போகுது!

தூரத்துலேருந்து ஜமால் பாய், "கோமதிம்மா, பொம்பாவும் நம்ம டீமும் வந்துக்கிட்டிருக்காங்க. நீங்க இன்னும் ரெண்டு உத்தரவு போடுங்க, பாதி வேலை முடிஞ்சிடும்"ங்கிறாரு. அந்த நேரத்துலயும் அவருக்கு நக்கல்.

மோட்டார் பட்டறைக்காரர் ஒருத்தர் மரத்தூள் மூட்டையைத் தோள்ல தூக்கிட்டு ஓடி வந்தாரு. பட்டறையில எண்ணெய் கொட்டுனா மரத்தூள் தூவுறது வழக்கம். இந்த ஆசிட்டு மேல தூவினா மரத்தூளே பத்திக்கும். "மரத்தூள் ஆகாது!"ன்னேன். "மரத்தூள் ஆகாதாம்!"ன்னு அத்தை எல்லாருக்கும் அறிவிச்சாங்க.

ஆனா அந்தத் தண்ணி இன்னும் இறங்கிக்கிட்டுதான் இருந்துச்சு. லாரிக்குக் கொஞ்ச தூரம்தான்.

"மணல் வேணும். காஞ்ச மணல்!"

தங்கவேலு அண்ணன் எழுந்தாரு. "யாகத்துக்கு வாங்கினது கோயில் ஸ்டோர்ல மூட்டையா இருக்கு தாயே. நனையவே இல்ல."

நாலஞ்சு பேரு மூட்டையைச் சுமந்துக்கிட்டு மேட்டுலேருந்து ஓடி வந்தாங்க. லாரிக்குத் தள்ளியே, ரோட்டுக்குக் குறுக்க சின்ன வரப்பு மாதிரி மணலைக் கொட்டச் சொன்னேன். சாக்கடை வாயையும் அடைச்சோம். இறங்கி வந்த தண்ணி வரப்புல முட்டி, தேங்கி, நின்னுச்சு. எனக்கு அப்பதான் ஒழுங்கா மூச்சு வந்துச்சு.

அட்டைப்பெட்டிப் பாதை

காத்து செம்பனைத் தோட்டம் பக்கமா அடிச்சுக்கிட்டிருந்துச்சு, அந்த மட்டும் புண்ணியம். பின் ரோட்டுல புகை இல்ல. ஆனா அங்க யாரும் தண்ணி அடிக்கல. தார் கொதிக்குது. அடிக்கவும் நான் விடல. அந்த ரோட்டுத் தண்ணியும் சரிஞ்சு முச்சந்திக்குத்தான் வரும்.

ரெண்டு கடைக்கு நடுவுல இருந்த சந்து வழியா எனக்கு அந்த ரோடு தெரிஞ்சுது. காவடி ஒண்ணொண்ணா போகுது. காலை வைக்க முடியாம எல்லாரும் துள்ளுறாங்க. அப்புறம் இவர் வந்தாரு. நாக்குல வேல், தோள்ல மயிலிறகுக் காவடி. கால் சுடுது, முகம் கோணுது. கண்ணு மட்டும் கூட்டத்துல என்னைத் தேடுது.

நான் கையைத் தூக்கிக் காட்டுனேன். பார்த்துட்டாரு. எனக்குப் பின்னாடி இருந்த வெள்ளைப் புகையையும் பார்த்துட்டாரு.

அப்படியே நின்னுட்டாரு. கொதிக்கிற தார்ல, அசையாம.

"போங்க! போங்கன்னு சொல்றேன்ல!" நான் கத்தறேன். அந்தக் கால் வேகுறதுக்குக் காரணம் நான். போயி ஒரு வாளி ஊத்தவும் முடியாது, இந்த இடத்தை விட்டு நகரவும் முடியாது. பின்னாடி வந்தவங்க அவரைத் தாங்கித் தள்ளிக்கிட்டுப் போனாங்க.

அப்பதான் மளிகைக் கடைச் சீனத்தி, பேரு தெரியாது, நாங்க எல்லாரும் ஆன்ட்டின்னு கூப்பிடுவோம், கடையிலிருந்த அட்டைப்பெட்டியெல்லாம் டர்ரு டர்ருன்னு கிழிச்சு ரோட்டுல விரிக்க ஆரம்பிச்சாங்க. கால் சுடும், கால் சுடும்னு மலாயில கத்திக்கிட்டே! அதைப் பார்த்து நம்ம ஆளுங்களும் துண்டு, சாக்கு, பாய்னு கிடைச்சதை விரிச்சாங்க. கடந்து வந்த அட்டையைப் பின்னாலேருந்து எடுத்து முன்னால போட்டாங்க. பிஸ்கட் படமும் மீ நூடுல்ஸ் படமும் போட்ட பெட்டி மேல காவடி போனதைப் பார்த்தவ நான்.

ரெண்டு சொட்டு மழை

பொம்பாவும் எங்க டீமும் ஒண்ணா வந்து இறங்கினாங்க. எங்க டீம்ல ஃபைசால்னு ஒருத்தர். மஞ்சப் புடவையில வெறுங்காலோட நிக்கிற என்னைப் பார்த்து வாயைப் பொளந்துட்டாரு. "பிறகு சிரி, முதல்ல உடுப்பைப் போடு"ன்னு சொல்லி, எது எங்க ஒழுகுது, தண்ணி எங்க நிக்குது, காத்து எப்படின்னு எல்லாத்தையும் ஒப்படைச்சேன்.

பொம்பாக்காரங்க எதிர்ப்பக்கம் தள்ளி நின்னு, புகை போற திசையில மட்டும் சாரல் போட்டாங்க. லாரி பக்கம் ஒரு துளி வரல. ஃபைசாலும் இன்னொருத்தரும் முழு உடுப்போட போயி, கொட்டினது மேல காஞ்ச மணலைப் போட்டு, அது மேல பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து மூடினாங்க. மிச்சம் டிரம்தான். ஓட்டையை அடைச்சு, அதை முழுசா இன்னொரு பெரிய டிரம்முக்குள்ள இறக்கணும்.

அந்த நேரம் பார்த்து செம்பனைத் தோட்டத்து மேல வானம் கறுத்துச்சு.

பங்குனி மாச மழை எப்படின்னு உங்களுக்கே தெரியும். வந்தா கொட்டித் தீர்த்துடும். காத்து நின்னு போச்சு. ஊர்ந்து போன புகை, போக வழி தெரியாம அங்கயே சுத்துது. காத்து மட்டும் திரும்பிச்சுன்னா நேரா கோயில்தான். கோயில்ல இவர் இருக்காரு.

"முருகா, மனுசங்களை நான் தடுத்துட்டேன். மேல இருக்கிறதை நீ தடு"ன்னு வாய்விட்டே சொன்னேன். பக்கத்துல ஜமால் பாய் உதடு அசைய ஓதிக்கிட்டிருந்தாரு.

டிரம் உள்ள இறங்குச்சு. மூடியை வச்சு ஃபைசால் திருகுறாரு, திருகுறாரு, திருகிக்கிட்டே இருக்காரு. கடைசியா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு.

டொப்புனு ஒரு சொட்டு என் தோள்ல விழுந்துச்சு. இன்னொண்ணு பிளாஸ்டிக் விரிப்பு மேல விழுந்து உருண்டு ஓடிச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல வரல. மேகம் சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு.

"அல்ஹம்துலில்லாஹ்"ன்னு ஜமால் பாய் ரோட்டோரத்துல உக்காந்தாரு. அப்பாடான்னு நானும் பக்கத்துல உக்காந்தேன். சிரிப்பு வருது, அழுகை வருது, எதை முதல்ல விடறதுன்னு தெரியல. அந்த ஆசிட்டால யாருக்கும் ஒரு கீறல் இல்ல. யாருக்கும் ஒண்ணுமே ஆகல!

கோயில் வாசல்ல

அதிகாரி போகலாம்னு சொன்னதும் மேட்டுல ஓடுனேன். மத்த காவடியெல்லாம் எப்பவோ இறக்கியாச்சு, பூசை நடக்குது. வாசல்ல ஒரே ஒரு காவடி மட்டும் நிக்குது.

இவர் உள்ள போகல. பூசாரி கூப்பிட்டும் போகலையாம். நாக்குல குத்தின வேலையும் எடுக்க விடலையாம். பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு, தோள்ல காவடியோட ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னிருக்காரு.

பக்கத்துல தங்கவேலு அண்ணன், ஒரு வாளித் தண்ணியோட. ஊத்தவும் தைரியம் இல்ல, கீழ வைக்கவும் மனசு இல்ல. "தாயே... இப்ப ஊத்தலாமா?"

"நான் தாயும் இல்ல, பேயும் இல்ல. கோமதிண்ணே! வாளியை இப்படிக் குடுங்க."

முதல்ல இவர் நெஞ்சுல காதை வச்சுக் கேட்டேன். விசில் இல்ல. மூச்சு சீரா வந்துச்சு. அவர் கண்ணு என் முகத்துல நிக்கல, கீழ இறங்கிடுச்சு. மண்ணும் அழுக்கும் அப்பி, செருப்பில்லாம, தரையில நின்ன என் ரெண்டு காலையும் பார்த்தாரு. ஒரு காலைப் பார்த்து, மறு காலைப் பார்த்து, சரியா இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் அவர் தோள் கொஞ்சம் தளர்ந்துச்சு.

நான் குனிஞ்சு அவர் காலைப் பார்த்தேன். உள்ளங்கால் ஓரமெல்லாம் கொப்பளம்.

காலையிலேருந்து யாரையும் ஊத்த விடாத தண்ணியை, அந்தக் கால் மேல மெதுவா ஊத்துனேன். வாளி காலியாகுற வரைக்கும் அவர் கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு. அப்புறம் காவடியோட உள்ள போனாரு.